“பார்ப்பம்” என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லையா?

தெரிந்தவர்களிடம் வேலை கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். கணக்கியல் டிப்ளோமா முடித்து, கிளிநொச்சியில் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிவைத்தும் “பார்ப்பம்” என்பதுதான் பதில் என்று எழுதியிருக்கிறீர்கள். “ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்கோ” என்றால், கையில் வேலை இல்லாதவர் வேறு என்ன சொல்வார்?

சொந்தத்துக்குள் மட்டும் கேட்டதும் காரணமாக இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது: வேலை பற்றிய புதுச் செய்தி, எப்போதாவது காண்பவர் வழியாகத்தான் கூடுதலாக வருகிறது.

சரி, ஒருவரோடு தொடங்கிப் பாருங்கள். கூடப் படித்தவரின் அண்ணன் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறார் என்று வைப்போம். “அண்ணை, உங்கட ஆலைக் கணக்கு கொப்பியிலா கொம்பியூட்டரிலா? பதினைஞ்சு நிமிசம் கதைக்கலாமா?” என்று அனுப்புங்கள். பெரும்போக அறுவடை நேரம் வேண்டாம், அப்போது அவருக்கு மூச்சுவிட நேரமிராது. கதைத்து முடித்து எழும்ப முதல், “நான் வேறு யாரோடு கதைத்தால் நல்லது?” என்று கட்டாயம் கேளுங்கள். அவர் சொன்ன ஆளைச் சந்தித்தால், என்ன நடந்தது என்று அவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான், பிறகு அந்தத் தொடர்பு அப்படியே அறுந்துபோகிறது.

அரச வேலைக்கு இது சரிவராது. அதற்கு வர்த்தமானி அறிவித்தலும் போட்டிப் பரீட்சையும்தான் வழி. “ஆளைப் பிடித்து வேலை எடுத்துத் தாறன்” என்று யாராவது காசு கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.