துபாய் அத்தான் தரும் பேட்டை வாங்கலாமா?

வாசகர் கேள்வி–பதில்: இந்த முறை ஷட்டில் ஸ்பெஷல்

அண்ணா, ஷட்டில் ஆட இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான், தன்னுடைய யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 100 இசட் இசட் பேட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். டென்மார்க் வீரர் ஆக்சல்சன் ஆடிய பேட்டாம். அதை வாங்கவா, இல்லை தென்காசியில் போய் 2,000 ரூபாய்க்குள் புதிதாக ஒன்று எடுக்கவா?
வாசகி, புளியரை

அத்தான் பொய் சொல்லவில்லை தங்கச்சி. ஆக்சல்சன் அந்த மாடலை வைத்து ஆடியவர்தான். ஆனால் அவர் 1.94 மீட்டர் உயரம், சின்ன வயதிலிருந்தே ஆடி வளர்ந்த ஆள், அவர் மணிக்கட்டைச் சொடுக்குகிற வேகத்துக்குத்தான் அந்த விறைப்பான தண்டு கொஞ்சமாவது வளையும், வளைந்து நிமிர்கிற அந்த உதையில்தான் ஷட்டில் பறக்கும். நாம் புதிதாக ஆடும்போது கையின் வேகம் பாதிகூட இருக்காது. தண்டு வளையாது, ஷட்டில் நெட்டைத் தாண்டி நடுக்கோர்ட்டிலேயே விழும், அதைப் பின்கோடு வரை அனுப்ப நீங்கள் தோளை முறுக்கி அடிப்பீர்கள், ஒரு மாதத்தில் முழங்கை வலிக்கிறது என்று எனக்கே இன்னொரு கேள்வி எழுதுவீர்கள். போதாததற்கு அந்த பேட்டுக்குத் தலைக்கனம் வேறு. எடை முழுக்க முன்பக்கம் இருக்கும். மேலிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிக்க நல்லது, டபுள்ஸில் எதிராளி உடம்பைப் பார்த்து அடிக்கும்போது தடுக்கத் தூக்கினால் தாமதமாக வரும். பாதி விலை என்றாலும் அது உங்களுக்கான பேட் இல்லை. அத்தானிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

தென்காசிக் கடைக்கே போங்கள். தண்டும் தலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு துண்டு மாட்டி இணைத்தது தெரிந்தால் பெரும்பாலும் அது இரும்பு, அலுமினியக் கலவை, எடை 100 கிராமை ஒட்டி வரும், முற்றத்தில் பிள்ளைகள் ஆட ஓகே, உங்களுக்கு வேண்டாம். இணைப்பே தெரியாமல் ஒரே துண்டாக இருப்பதுதான் கிராஃபைட். கைப்பிடிக்கு மேலே கூம்பு மாதிரி இருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் 4யூ, ஜி5 என்று அச்சடித்திருக்கும். யூ என்பது எடை: 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. எண் ஏற ஏற எடை குறையும். ஜி என்பது பிடியின் பருமன், யோனெக்ஸில் இதற்கும் எண் ஏறினால் பிடி மெலியும். உங்களுக்கு 4யூ அல்லது 5யூ, ஜி5 போதும். அப்புறம் ஒரு கையில் பிடியையும் மறு கையில் தலை உச்சியையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள், தண்டு கொஞ்சம் இசைந்து கொடுக்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இதற்கு 1,500 ரூபாயே போதும். மிச்சம் 500ஐ நரம்புக்கு வையுங்கள். விலை குறைந்த பேட்டோடு கம்பெனியில் இருந்தே வரும் நரம்பு பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும், அடித்தால் 'தொப்' என்று ஒரு சத்தம், ஷட்டில் எங்கே போகிறது என்று கைக்கே தெரியாது. அதை அறுத்துவிட்டு பி.ஜி. 65 மாதிரி நீடித்து உழைக்கிற ஒன்றை 22 பவுண்டு இறுக்கத்தில் பின்னச் சொல்லுங்கள். அதே பேட் வேறு பேட் மாதிரி ஆகிவிடும். நல்ல நரம்பு போட்ட சாதா பேட், தளர்ந்த நரம்போடு இருக்கும் காஸ்ட்லி பேட்டைவிட மேல். என்னைக் கேட்டால் ஆரம்பத்தில் ஆட்டம் மாறுவது இங்கேதான்.

என் கிளப்பில் எல்லோரும் நரம்புக்கு 28 பவுண்டு போடுகிறார்கள். நான் 22 என்றால் சிரிக்கிறார்கள்.
வாசகர், கம்பம்

சிரிக்கட்டும். டென்ஷன், அதாவது நரம்பின் இறுக்கம், கூடக்கூட நரம்பின் நடுவில் சரியாக அடிபடும் இடம் சுருங்கும், ஷட்டிலைத் தள்ளிவிடும் உதையும் குறையும், கை வேகம் இருப்பவனுக்குத்தான் அது கட்டுப்பாடாக மாறும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் நரம்பு பட்டென்று போய்விடும், சில பேட்டுகளில் பிரேமே விரிசல் விடும். கூம்பில் எழுதியிருக்கும் பவுண்டு அளவைத் தாண்டாதீர்கள். இன்னொன்று, நரம்பு ஒன்று அறுந்தால் அப்படியே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இழுத்து பிரேம் கோணிவிடும். அங்கேயே கத்தரி வாங்கி, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக எல்லா நரம்பையும் அறுத்துவிடுங்கள்.

அப்பா அந்தக் காலத்தில் பூப்பந்து ஆடியவர். அவருடைய பேட் பரணில் இருக்கிறது, அதை வைத்து ஷட்டில் பழகலாமா?
வாசகர், செங்கோட்டை

வேண்டாம் தம்பி. பூப்பந்து, அதாவது பால் பேட்மிண்டன் பேட், 27 முதல் 30 கிராம் கம்பளிப் பந்தை அடிக்கச் செய்தது, ஷட்டிலோ 5 கிராம் சொச்சம். அந்தக் கனத்தில் பழகினால் மணிக்கட்டு வேலை செய்யவே பழகாது, தோள்தான் ஆடும். அதை அப்பாவிடமே கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் வயதுக்காரர்கள் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தால் போதும், உங்களைவிட நன்றாக ஆடுவார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் நெட் கட்டியிருக்கிறோம். ஷட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பேட் கோளாறா?
வாசகர், கொட்டாகுளம்

பேட்டைத் திட்டாதீர்கள். ஜூன் பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளக் காற்று வந்து தென்காசிப் பக்கம் காற்றாலையையே சுற்ற வைக்கிறது, 5 கிராம் ஷட்டில் எம்மாத்திரம்? திறந்தவெளியில் இறகு ஷட்டில் வாங்கிக் காசைக் கரைக்காமல் நைலான் வாங்குங்கள். நைலான் ஷட்டிலின் அடிப்பகுதியில் வண்ணப் பட்டை இருக்கும்: பச்சை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெயில் ஊரில் காற்று லேசாகி ஷட்டில் கூடுதல் தூரம் போகும், அதனால் நமக்குப் பச்சை. ஆடிக்காற்று நிற்கும்வரை நிஜமாகப் பழக வேண்டும் என்றால் எல்லை தாண்டிப் புனலூர்ப் பக்கம் ஏதாவது இண்டோர் கோர்ட்டில் மணிக்கணக்குக்கு எடுத்து ஆடுங்கள், நாலு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். போகும்போது ரோட்டில் போடும் ஷூவோடு போகாதீர்கள், தரையில் கறுப்புக் கோடு விழும் என்று அந்தச் சேட்டன் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நான்-மார்க்கிங் ஷூ வேண்டும், அது வழுக்காது, கணுக்காலுக்கும் நல்லது.

சாரல் நாளில் கை வேர்த்து பேட் நழுவுகிறது.
வாசகி, பண்பொழி

கைப்பிடியின் மேல் சுற்றுகிற மெல்லிய பட்டை, ஓவர்கிரிப் என்பார்கள், வாங்கிச் சுற்றுங்கள், விலை அதிகமில்லை. ஆடி முடித்ததும் பேட்டை ஈரத்தோடு பையில் திணிக்காமல் வெளியே வையுங்கள், உள்ளே இருக்கும் கைப்பிடி மரம். நாற்றம் வர ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் பழைய ஓவர்கிரிப்பை உரித்துவிட்டுச் சுற்றுங்கள். அதன் மேலேயே மேலேயே சுற்றிக்கொண்டு போனால் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஜி5 கொஞ்ச நாளில் ஜி2 ஆகிவிடும்.