எச்.ஐ.வி. உள்ளவர்கள் நன்றாகச் சாப்பிட்டால் காசநோய் வராமல் தடுக்க முடியுமா?

வரவே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மைனி (அண்ணி) பதினோரு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மாத்திரை, அதாவது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எடுக்கிறார். குமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்தில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் வேலை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. சாப்பாடுதான் மோசம். காலையில் பால் இல்லாத கட்டன் சாயா, மதியம் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும், இரவு கஞ்சி. மீன் வாங்கினால் அது பிள்ளைகளுக்கு. ஒருமுறை மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸ் எடை பார்த்தார். 38 கிலோ. புத்தகத்தில் பழைய எடையை விரலால் தொட்டுக் காட்டி, "ஆறு மாதத்தில் நான்கு கிலோ எங்கே போயிற்று அக்கா?" என்று கேட்டார். மைனியிடம் பதில் இல்லை. சளியும் எக்ஸ்ரேயும் பார்த்தார்கள், காசநோய் இல்லை. தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள். அன்று சாப்பாட்டைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள்.

காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது நோய் எதிர்ப்பு அணுக்கள். எச்.ஐ.வி. அழிப்பது அவற்றைத்தான், அதனால் இவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அரைவயிற்றுச் சாப்பாடும் அதே அணுக்களைத்தான் பலவீனப்படுத்துகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில் பெரியவர்களுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். இப்படிக் கிடைக்காத வீடுகளைவிட இவர்களிடையே காசநோய் 39 சதவீதம் குறைவாக வந்தது. அது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று நடந்த ஆய்வு அல்ல. அவர்களுக்கும் இதே அளவு குறையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறும் அரிசியும் பருப்பும் இவ்வளவு செய்யும் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை.

மரச்சீனியை நான் குறை சொல்லவில்லை, நம் ஊரை வளர்த்த கிழங்கு அது. ஆனால் நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் அளவுதான். அதே எடைச் சாளை மீனில் இருபது கிராம் வரை இருக்கிறது. அதனால் கிழங்கோடு சாளையோ நெத்திலியோ கட்டாயம் என்று வீட்டில் முடிவு செய்தோம். மீன் விலை ஏறும் நாட்களில் முட்டை, சிறுபயறு, முருங்கைக் கீரை. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை நாங்கள் ஒரு மாதமும் விடுவதில்லை. விலை கூடிய சத்துமாவு டப்பா எதுவும் வாங்கவில்லை. கடினமாக இருந்தது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு முன்பே மைனியின் தட்டில் மீனை வைக்க அவரைச் சம்மதிக்க வைப்பது. முதல் வாரம் அழுதே விட்டார்.

சாப்பாட்டை நம்பி ஏ.ஆர்.டி.யையோ தடுப்பு மாத்திரையையோ தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இருமல் வந்தால் மற்றவர்களைப் போல இரண்டு வாரம் பொறுத்திருக்கவும் வேண்டாம், எச்.ஐ.வி. உள்ளவர்கள் உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் எது வந்தாலும் அப்படியே.

மைனி இப்போது 46 கிலோ. ஒவ்வொரு மாதமும் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு, பஸ் ஏறும் முன்பே எனக்குப் போன் செய்துவிடுவார்.