முதலில் தரையில் செய்தித்தாள், பிறகு கட்டில்

கேள்வி: எங்கள் படுக்கையறை 10 அடிக்கு 12 அடி. 12 அடிச் சுவரின் நடுவில், மேற்கு பார்த்து 5 அடி அகல ஜன்னல். 10 அடிச் சுவர் ஒன்றின் ஓரத்தில், ஜன்னலைவிட்டுத் தள்ளி, கதவு. கணவருக்கு இரவுப் பணி, பகலில்தான் தூக்கம். கிங் சைஸ் கட்டில், அலமாரி, பிளாக்அவுட் கர்டன் மூன்றும் வாங்க வேண்டும். கர்டனுக்கு இப்போது தள்ளுபடி ஓடுகிறது. அதை முதலில் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். தள்ளுபடி மறுபடி வரும். உங்கள் அளவுக்கு வெட்டித் தைத்த துணியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பது அபூர்வம். கட்டில் எங்கே என்று தெரிந்தால்தான் அலமாரி எங்கே என்று தெரியும். அலமாரி நின்ற பிறகுதான் கர்டன் ராடு எதுவரை போகலாம் என்பதே தெரியும்.

பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 6 அடிக்கு ஆறரை அடியில் தரையில் விரித்துப் பாருங்கள். தலைமாடு கதவில்லாத 10 அடிச் சுவரில் இருக்கட்டும். கணக்குப்படி இரு பக்கமும் 2 அடி மிஞ்சும். ஆனால் 6 அடி என்பது மெத்தையின் அளவு. சட்டத்தோடு சேர்த்தால் கட்டில் நாலைந்து அங்குலம் கூடிவிடும். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். ‘வெளி அளவு என்ன?’ என்று கேட்டு வாங்குங்கள். ‘கிங்’ என்ற பெயரையும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் கிங் மெத்தை 5 அடி அகலம், அமெரிக்காவில் 76 அங்குலம். பெயர் ஒன்று, மெத்தை வேறு. கட்டிலையும் மெத்தையையும் வெவ்வேறு இடத்தில் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நானாக இருந்தால் இந்த அறைக்கு 5 அடி அகலக் கட்டில்தான் வாங்குவேன். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் நடமாடும் வீட்டில், கட்டிலின் அகலத்தைவிட நடைபாதைதான் முக்கியம். கட்டிலுக்கடியில் சாமான் வைக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் இழுக்கும் டிராயர் வேண்டாம். டிராயரை இழுத்துவிட்டு நீங்கள் எங்கே நிற்பது? மேல்பலகையைத் தூக்கும் ஹைட்ராலிக் வகை சரிவரும். அதைக் கடையிலேயே, மெத்தை போட்டபடி, நீங்களே ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

அலமாரிக்குக் கதவுள்ள சுவரின் மிச்ச இடம் போதும்; 6 அடி அகலம் வரை வைக்கலாம். ஆழம் 2 அடி வேண்டும். துணி மாட்டும் ஹேங்கரே ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம், அதனால் ஆழத்தில் கஞ்சத்தனம் பண்ண முடியாது. கால்மாட்டில் 3 அடி போல மிஞ்சும் என்பதால் சாதாரணக் கதவே போதும். ஸ்லைடிங் கதவு இடத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும்.

இப்போது கர்டன். ராடு ஜன்னலைவிட இருபுறமும் 8 அங்குலமாவது நீள வேண்டும். அப்போதுதான் பகலில் ஒதுக்கிய துணி கண்ணாடியை மறைக்காது, இழுத்து மூடினால் ஓரத்தில் வெளிச்சம் கசிவதும் குறையும். உங்கள் ஜன்னலுக்கு ராடு 76 அங்குலம் வரும். துணியின் மொத்த அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு, 152 அங்குலம். ஒரு பீஸ் 4 அடி அகலம் என்றால், இரண்டு பீஸ் சேர்ந்து 96 அங்குலம்தான். மடிப்பே விழாமல் கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரித் தொங்கும். நான்கு வாங்குங்கள். பருத்தியானால் முதல் சலவையில் சுருங்கும். உயரத்தில் அதற்கும் இடம் விடுங்கள்.

‘பிளாக்அவுட்’ என்று எழுதியிருந்தால் போதாது. துணிக்குப் பின்னால் மொபைல் டார்ச்சை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணி நல்லதாகவே இருந்தாலும், வளையம் வைத்த கர்டனில் ராடுக்கு மேலேயும் சுவரோரத்திலும் வெளிச்சம் நுழையும். பகல் தூக்கக்காரருக்கு அந்த ஒரு கோடு வெயில் போதும், முழிப்புத் தட்ட. ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு பிளாக்அவுட் ரோலர் பிளைண்டு (பாய்போல் மேலே சுருளும் திரை), அதற்கு மேல் கர்டன் என்று இரண்டடுக்காகப் போடுங்கள். பிளைண்டு மட்டும் போட்டால் இரு ஓரத்திலும் ஒரு விரல் இடைவெளி நிற்கும். அதற்கு அளவெடுக்கும்போது சட்டத்தின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அகலம் பார்த்து, மூன்றில் சிறியதைக் கொடுங்கள். மெல்லிய பட்டையும் அடர்ந்த பட்டையும் மாறி மாறி வரும் ஜீப்ரா பிளைண்டு பார்க்க அழகு, ஆனால் இருட்டுக்கு ஆகாது.

இருட்டு வந்துவிடும், சூடு குறையும் என்று மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள் வந்தாயிற்று. வெளிப்பக்கம் பார்க்கும் துணி வெள்ளையாக இருந்தால் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். மேற்கு வெயிலை உண்மையில் அடக்க, ஜன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும்.

கேள்வி: ‘உட் ஃபினிஷ்’ அலமாரி என்றார்கள். வந்தது மரம்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஃபினிஷ் என்பது மேல்தோல் மட்டும். ‘இன்ஜினியர்டு வுட்’ என்ற சொல்லுக்குள் பிளைவுட், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திய பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத் துகளை ஒட்டி அழுத்திய பலகை) எல்லாமே அடங்கும். கதவுக் கீலைக் கழற்றினால் 35 மில்லிமீட்டர் வட்டக் குழி ஒன்று இருக்கும். அதன் உட்சுவரில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், துகள்கள் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. பார்ட்டிகிள் போர்டு மோசம் என்றில்லை. ஆனால் ஈரம் பட்டால் உப்பும், கழற்றி மாட்டினால் திருகாணி பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அது ஆகாது. அடுத்த முறை, எந்தப் பலகை என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லில் பலகையின் பெயர் இருந்தால்தான் புகாருக்கு வலு.

கேள்வி: 2 வயதுக் குழந்தை எங்களுடன் தூங்குகிறது. எந்த பிளைண்டு நல்லது?

பதில்: கயிறு தொங்காத எதுவும். தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிரைப் பறித்திருக்கின்றன. அமெரிக்காவில் கடைகளில் தயாராக விற்கும் பிளைண்டுகளுக்கு, 2018 இறுதியிலிருந்து கயிறு இருக்கக் கூடாது, அல்லது எட்டாதபடி இருக்க வேண்டும் என்று தரவிதியே கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே கயிறு வைத்தது இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். அலமாரியையும் டிராயர் பெட்டியையும் சுவரோடு திருகி நிறுத்துங்கள். டிராயரைப் படியாக்கி ஏறுகிற வயது இது.