கால்வாய்க்குள் கிடக்கும் சாமி படம்

அன்புள்ள அண்ணனுக்கு,

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக் கால்வாயில் தண்ணீர் நிறுத்தியதும் உள்ளே இறங்கி செல்போனில் படம் எடுப்பேன். பாரிஸில் கால்வாயை வடித்தபோது எடுத்த படங்களைப் பார்த்து வந்த ஆசை இது. அங்கே சைக்கிள், துப்பாக்கி எல்லாம் கிடைத்தன. இங்கே செருப்பு, பாட்டில், கிழிந்த துணி, உடைந்த சாமி படம். 'குப்பையைப் போய்ப் படம் பிடிக்கிறான்' என்று வீட்டில் திட்டுகிறார்கள். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். இதைத் தொடரலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தாராளமாகத் தொடருங்கள். பாரிஸை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நீங்கள் பார்த்தது சேன் மார்த்தன் கால்வாயாக இருக்கும். 1825இல் திறந்தது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வடிக்கிறார்கள். 2016 ஜனவரியில் வடித்தபோது முதலில் மீன்களைப் பிடித்து வேறிடம் கொண்டுபோனார்கள், அப்புறம்தான் அடி தெரிந்தது. வாடகை சைக்கிள், மது பாட்டில், கடைத் தள்ளுவண்டி. ராத்திரி கரையில் உட்கார்ந்து குடிப்பவர்களின் ஊர் என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் மெட்ரோவுக்காக ஆற்றுப் படுகையைத் தோண்டியபோது ஏறக்குறைய 7 லட்சம் பொருட்கள் வந்தன. அதோடு போட்டி போட நம்மால் முடியாது. நம் அணையே 1950களில் வந்ததுதான்.

ஆனால் நீங்கள் 'உடைந்த சாமி படம்' என்று கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் சைக்கிளைத் தண்ணீரில் போடமாட்டார்கள், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். தண்ணீரில் விடுவது, குப்பைத் தொட்டியில் போட மனசு வராத பொருட்களை. சாமி படம், பூஜை செய்த மஞ்சள் துணி, இறந்தவரின் சட்டை. ஓடுகிற தண்ணீரில் விட்டால் தோஷமில்லை என்று நம்பிக்கை. திட்டுகிறவர்களிடமே கேட்டுப் பாருங்கள், பழைய முருகன் படத்தை எங்கே விட்டார்கள் என்று.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து முகம் கரைந்துவிட்டது; ஜரிகைத் தாள் மட்டும் மிச்சம். சட்டத்தின் மேலே ஆணியில் மாட்டும் கயிறு முடிச்சோடு அப்படியே இருக்கிறது. பாரிஸ்காரருக்கு இந்தப் படம் கிடைக்காது.

கல்மேல் கொலுசு இருக்கும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களே எடுத்து வைத்தது போலிருக்கிறது. கிடந்த பொருளை நகர்த்தாதீர்கள். கனமானது பாலத்தடியிலேயே விழுந்து கிடக்கும், துணியும் பாலிதீனும் அடித்துப்போய் ஷட்டரில் சிக்கும், வளைவின் உள்பக்கத்தில் வண்டல் தங்கும். கிடக்கிற இடமே பாதிக் கதை. அதனால் முதலில் தள்ளி நின்று, பாலமும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். அப்புறம் கிட்டப் போங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் சேறு தட்டையாகிவிடும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். ஈரச் சேற்றைப் பார்த்தால் செல்போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் மாதிரி ஏதாவது கிடந்தால் படம் எடுக்க வேண்டாம். வெறுங்காலோடு இறங்காதீர்கள்: பாட்டில் சில்லு மட்டுமில்லை, நம் அணைக்கு வரும் தென்பெண்ணை ஆறு பெங்களூரு சாக்கடையையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். எப்போது மறுபடி தண்ணீர் திறப்பார்கள் என்று கால்வாய் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது எந்தப் பாலம், எந்த மாதம் என்று கீழே எழுதி அனுப்புங்கள். நான்கு போதாது, நிறைய அனுப்புங்கள்.