ஒன்பதாம் வகுப்புப் பையன் 'கொக்கு' என்பதை 'கெகாக்கு' என்று படிக்கிறான்

வணக்கம் டீச்சர். படித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறான், தானாக நாலு வார்த்தை படிக்க முடியவில்லை, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் மூடி வைத்துவிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். பதினாலு வயசுப் பிள்ளை மூடத்தானே செய்வான்!

'கெகாக்கு' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவன் கண்ணில் பட்ட வரிசைப்படி ஒழுங்காகத்தான் படிக்கிறான். கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்றுதான். 247 எழுத்தையும் மறுபடி அ-விலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு அட்டையில் நடுவே ஜன்னல் வெட்டி, இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் காலும் எழுதுங்கள். பின்னால் க, ச, த, ப என்று ஒரு சீட்டை இழுத்தால் கொ, சொ, தொ, பொ வரும். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தேன். தினம் பத்து நிமிஷம், ஒரே குறி, ஒரு வாரம். அப்புறம்தான் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்ற தகராறு.

படிக்க பஸ் போர்டு, கிரிக்கெட் ஸ்கோர், கடை பில் கொடுங்கள். வகுப்பில் எழுந்து வாசிக்க மட்டும் சொல்லாதீர்கள்.

கண், காது பரிசோதனை முடிந்ததா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் கேட்கலாம். தலைமையாசிரியரிடம் இந்த வருஷமே பேசிவிடுங்கள்.