பழைய மஸ்கட் தோற்றத்தில் நவீன ரைபிள் செய்தால் எது மாறும்?

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் மஸ்கட் எனும் பழைய நீண்ட துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு, அதே தோற்றத்தில் இன்றைய ரைபிள் செய்தால் என்ன மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே மரக்கட்டையும் நீண்ட குழலும் அப்படியே இருக்கலாம். முக்கியமாக மாறுவது குழலின் உட்புறம்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் தூக்கித் திரிந்த பிரௌன் பெஸ் மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. அதன் துளை 0.75 அங்குலம், குண்டோ சுமார் 0.69 அங்குலம்தான். கரிமருந்துப் புகைக்கரி படிந்த பிறகும் குண்டு சுலபமாக இறங்க வேண்டுமே! அந்த இடைவெளியால் குண்டு குழலுக்குள் இடித்து இடித்து வெளியேறும். எந்தப் பக்கம் போகும் என்பது கடைசி இடிக்கே வெளிச்சம். நூறு கஜத்தைத் தாண்டினால் தனி ஆளைக் குறிவைப்பது வீண்.

ரைபிள் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அவை குண்டைச் சுழற்றுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் குண்டும் திசை மாறாது. 1849இல் வந்த மினியே குண்டு, சுடும்போது அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. ஏற்றுவதும் சுலபம், குறியும் தப்பாது.

மஸ்கட்டில் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கிக் கல் பொறி அழகுதான். ஆனால் நம் உப்புக்காற்றில் மருந்து ஈரமானால் பொறி பறக்கும், வெடிக்காது. அதனால் நவீன வடிவங்களில் மருந்தையும் குண்டையும் சேர்த்து அடைத்த மூடிய தோட்டாதான்.

வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். சுடாத மர மாதிரி செய்து சுவரில் மாட்டுங்கள்.