படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஏன் அடிக்கடி புரட்ட வேண்டும்?

பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுமாறு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைச் செவிலியர் சொன்னதன் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நெடுநேரம் அழுந்தினால், நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, குறிப்பாக வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் திசு சாகத் தொடங்கி, அதுவே படுக்கைப் புண்ணாகிறது. சித்திரை வெயிலில் வியர்வை ஊறிய தோல் இன்னும் எளிதில் கிழியும். நம்மைப் போன்ற கருத்த தோலில் தொடக்கச் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாது என்பதால், சூடோ கடினமோ தென்படுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்துவது (நம் வீடுகளில் உடனே செய்வது இதைத்தான்) கேட்டையே விளைவிக்கும். ஒருவரே இழுத்துப் புரட்டினால் தோல் உராய்ந்துவிடும். மடித்த வேட்டியை அடியில் விரித்து, இருவராகத் தூக்கித் திருப்புங்கள். வீட்டில் ஆள் போதாதென்றால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய, வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை (பிசியோதெரபி), வலிநிவாரணச் சேவைகளைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.